இன்வெரியிலிருந்து

அன்புள்ள செல்வி,

மிட்ஜ் என்ற பூச்சியைப் பற்றி உன்னிடம் கொட்டித் தீர்த்தால்தான் மற்றதை எழுத மனம் வரும். நம் ஊர்க் கொசுவில் கால் பங்குகூட இராது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஸ்காட்லாந்தின் இந்த மேற்குக் கரையில் அது வைத்ததுதான் சட்டம். காற்று அடித்தால் பறக்காது. காற்று நின்றதும், அதுவும் விடியலிலும் அந்தியிலும், புகைபோல் வந்து முகத்தில் அப்பும். மற்றவர்கள் தலையில் வலையை மாட்டி, கையுறை போட்டுத் தப்பிவிடுகிறார்கள். நான் என்ன செய்வேன்? விரலைக் குத்தி ரத்தச் சொட்டை மீட்டரில் வைக்கக் கையுறையைக் கழற்றியாக வேண்டும். இன்சுலின் போட வயிற்றுப் பக்கம் சட்டையைத் தூக்கியாக வேண்டும். நேற்று அந்தியில் கூடாரத்தின் ஜிப்பை இழுப்பதற்குள் பெருங்கூட்டமே உள்ளே வந்துவிட்டது. பேனா ஊசியை அழுத்திவிட்டுப் பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாதே! எண்ணி முடிப்பதற்குள் தொப்புளைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஊர் இன்வெரி. தீவு இல்லை, ஆனாலும் வெளியிலிருந்து சாலை கிடையாது. மலேக்கிலிருந்து படகில் வரவேண்டும், இல்லையேல் மலை தாண்டி நடக்க வேண்டும். இந்த நிலப்பரப்பை 1999-இல் ஊர்மக்களின் அறக்கட்டளையே விலைக்கு வாங்கிவிட்டது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

நான் ஏறிய லார்வென் மலை 1020 மீட்டர்தான். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டே அதைப்போல் இரு மடங்கு உயரம். ஆனால் இங்கே கடல் மட்டத்திலிருந்து முழுவதையும் காலால் ஏற வேண்டும். பாறை முகட்டில் கால் நடுங்கியது. ஏற்றத்தின் நடுக்கமா, சர்க்கரை இறங்கிய நடுக்கமா என்று உடம்பைக் கேட்டால் தெரியாது, மீட்டரைத்தான் கேட்க வேண்டும். 66 காட்டியது. பாறை மறைவில் உட்கார்ந்து 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்த்து, 94 வந்த பிறகே எழுந்தேன்.

ஏன் தனியாகப் போகிறாய் என்று கேட்டாயே, காரணம் அந்தக் கால் மணி நேரம்தான். கூட்டத்தோடு போனால் நமக்காக எல்லோரும் நிற்கிறார்களே என்று, அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடத் தோன்றும். தனியே போகும்போது தோன்றுவதில்லை. நாற்பது வயதில் டைப் 1 வருமா என்று உன் மாமியார் கேட்டார்களாமே, வரும் என்று சொல். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது, அதற்கு வயது வரம்பில்லை. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு வரும் ஜாங்கிரியை நான் வாய் திறக்குமுன் யாராவது தடுத்துவிடுவார்கள். அன்பினால்தான். ஆனாலும் என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் முடிவெடுப்பதுபோல் இருக்கும். இங்கே சர்க்கரைதான் என்னைக் கீழே இறக்கிக் கூட்டிவருகிறது, எப்போது எவ்வளவு என்பது என் கணக்கு.

உச்சியிலிருந்து லாக் ஹோர்ன் கடல்கழியும் தூரத்தில் ஸ்கை தீவும் தெளிவாகத் தெரிந்தன. யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. இறங்கவே மனமில்லை.

நாளை சோர்லீஸ் பக்கம் போகிறேன். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சோர்லீஸில் சிக்னல் இல்லை, வெள்ளிக்கிழமை வரை போன் வராவிட்டால் அம்மாவைப் பதறவிடாதே. நாளெல்லாம் ஏறினால் இரவில் சர்க்கரை இறங்கும் என்பதால் நடுராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறேன், இன்சுலினை இரண்டு பைகளில் பிரித்து வைத்திருக்கிறேன் என்று சொல்.

உன்,
வசந்தி