கடலடியில் ஒரு கதவு

2015-ஆம் வருஷம் மறுபடியும் அச்சிடத் தொடங்கிய ஒரு ரூபாய் நோட்டு நேயர்கள் வீட்டில், மொய்க் கவரிலோ பூஜை அறையிலோ, ஒன்றிரண்டு கிடக்கக் கூடும். அதன் பின்புறத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். கடலில் கால் ஊன்றி நிற்கும் ஓர் இரும்பு மாளிகை தெரியும். அதன் பெயர் 'சாகர் சாம்ராட்'. ஜப்பானில் கட்டி நம் நாட்டுக்குக் கொண்டு வந்த துளையிடும் மேடை அது. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில், 1974-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், அதிலிருந்து இட்ட துளையில் எண்ணெய் அகப்பட்டது. அயல்நாட்டு எண்ணெயின் விலை திடீரென்று பல மடங்கு ஏறி, தேசமே திகைத்து நின்ற சமயம் அது. நம் கடலில் நம் எண்ணெய் என்ற செய்தி அப்போது எவ்வளவு இனித்திருக்கும்! 1980-களின் நடுவில் நாட்டில் எடுத்த எண்ணெயில் பாதிக்கு மேல் இந்த 'மும்பை ஹை' வயலே கொடுத்தது.

அந்த இடத்தைப் பார்த்து வர நமக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. ஜூஹு விமானத் தளத்தில் நம்மிடமிருந்து முதலில் வாங்கிக் கொண்டது தீப்பெட்டியை, அடுத்தது கைத்தொலைபேசியை. ஊதுவத்திக்காகப் பையில் கிடந்த தீப்பெட்டி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். பலிக்கவில்லை. ஹெலிகாப்டர் சுமார் முக்கால் மணி நேரம் நீலத்தைத் தவிர வேறொன்றையும் காட்டவில்லை. பிறகு தொலைவில் ஒரு தீச்சுடர். அதன் கீழே, பாலங்களால் கைகோத்து நின்ற மேடைகள்.

வழிகாட்ட வந்தவர் மராட்டிய இளைஞர் ஒருவர், பொறியாளர். அவர் நம்மை நேரே கிணறுகளின் தளத்துக்கு அழைத்துச் சென்றார். கிணறு என்றதும் நம் ஊர்ச் சகடையும் தாம்புக் கயிறும் நினைவுக்கு வந்தால் ஏமாந்து போவீர்கள். சக்கரப் பிடிகளும் வால்வுகளும் கிளைவிட்ட இரும்புத் தூண்கள்தாம் வரிசையாக நின்றன. இவற்றுக்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயராம்.

"நீங்கள் பார்ப்பது வாசற்கதவுதான், ஸாப். உண்மையான காவல்காரன் கீழே இருக்கிறான்" என்றார் அவர்.

இங்கே கடலின் ஆழம் ஏறக்குறைய 75 மீட்டர். அந்தத் தரைக்கும் கீழே, எண்ணெய் ஏறி வரும் குழாய்க்குள் ஒரு சிறு மடல் இருக்கிறது. விற்சுருள் ஒன்று அதை மூடவே எப்போதும் தள்ளிக் கொண்டிருக்கும். மேடையிலிருந்து மெல்லிய குழாய் வழியே எண்ணெயின் அழுத்தத்தை அனுப்பி, அதைத் திறந்த நிலையில் பிடித்திருக்கிறார்கள். மேடை எரிந்தாலும் உடைந்தாலும் அந்த அழுத்தம் அறுந்து போகும். மடல் தானே சாத்திக் கொள்ளும். காவல்காரன் மயங்கி விழுந்தால் நம் வீட்டுக் கதவு திறந்தபடி கிடக்கும். இங்கே அவன் விழுந்தால்தான் கதவு மூடும்.

ஆனால் பல மாதம் திறந்தே கிடந்த மடல் வேளை வரும்போது மூடுமா? மணலும் துருவும் சும்மா இருக்குமா? அதனால் அவ்வப்போது சோதிக்க வேண்டும். அன்றைக்கு ஒரு கிணற்றின் முறை. மடலை மூடினார்கள். அதன் மேலே குழாயிலிருந்த அழுத்தத்தை வெளியேற்றினார்கள். பிறகு அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக் கொண்டு நின்றார்கள். முள் ஏறினால் மடல் கசிகிறது என்று அர்த்தம். அத்தனை நேரமும் கிணறு வேலை செய்யாது, எண்ணெய் வராது, பணமும் வராது. நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது?

காத்திருந்த வேளையில் அவர் கடலில் ஒரு திசையைக் காட்டினார். 2005-ஆம் வருஷம் ஜூலை 27-ந் தேதி, மழைக்காலக் கொந்தளிப்பில், உதவிக் கப்பலொன்றில் சமையற்காரர் ஒருவருக்குக் கையில் காயம். அவரை மேடைக்கு ஏற்றக் கப்பல் நெருங்கிற்று. அலை தள்ள, மேடையை ஒட்டிச் செல்லும் வாயுக் குழாயில் மோதியது. குழாய் பிளந்து தீப்பற்றிக் கொண்டது. சுமார் இரண்டே மணி நேரத்தில் மேடை முழுவதும் கடலுக்குள் சரிந்தது. 22 பேர் மாண்டார்கள். 362 பேர் பிழைத்தார்கள். கிணற்றுக்குள் இருக்கும் மடல் தனக்குப் பின்னால் இருப்பதைத்தான் அடைக்கும். அதைத் தாண்டிக் குழாய்களில் ஏற்கெனவே நிறைந்துவிட்ட வாயுவை அது என்ன செய்யும்?

இங்கேயாவது கிணற்றின் வாய் மேடை வரை உயர்ந்து வந்து கைக்கெட்டுகிறது. காக்கிநாடாவுக்கு எதிரே வங்கக் கடலின் ஆழ்பகுதியில், கிணற்று வாய் கடல் தரையிலேயே கிடக்கிறது. மேலே நிற்பது மிதக்கும் கப்பல். புதிய கிணற்றைச் சிறிது ஓடவிட்டுச் சோதிக்கும்போது புயல் வந்தால் என்ன செய்வது? கிணற்று வாயின் பெரிய தடுப்புப் பொறிக்குள்ளே, சோதனைக் குழாயோடு இன்னொரு சிறு வால்வுத் தொகுதியையும் இறக்கி வைக்கிறார்கள். 'சோதனை மரம்' என்று அதற்குப் பெயர். ஆபத்து என்றால் அதன் இரண்டு வால்வுகளும் மூடும். மேலுள்ள குழாயில் நிற்கும் எண்ணெய் கடலில் கொட்டாதபடி இன்னொரு வால்வும் சாத்தும். நடுவிலுள்ள பூட்டு கழன்று விடும். கப்பல் விலகிப் போகலாம். புயல் அடங்கியபின் திரும்பி வந்து, அதே பூட்டில் மறுபடி மாட்டிக் கொள்ளலாம்.

"யந்திரம் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தால் பிறகு பயம் எதற்கு?" என்று கேட்டோம்.

அவர் மெக்ஸிகோ வளைகுடாவைச் சொன்னார். 2010-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி, அங்கே ஒரு கிணறு சரியாக அடைபட்டதா என்று இதே போல் அழுத்தத்தைக் குறைத்துச் சோதித்தார்கள். முள் ஏறிற்று. ஏறியதற்கு வேறு ஏதோ சமாதானம் சொல்லிக் கொண்டு, சோதனை தேறியதென்று தீர்மானித்தார்கள். அன்றிரவே கிணறு பீறிட்டது. 11 பேர் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த தடுப்புப் பொறியின் கத்திகளும், வளைந்து ஓரமாய் ஒதுங்கியிருந்த குழாயை முழுவதும் அறுக்க இயலாமற் போயின. எண்ணெய் 87 நாள் கடலில் கலந்தது.

இதைச் சொல்லும்போதும் அவர் பார்வை முள்ளை விட்டு அகலவில்லை. அரை மணி ஆயிற்று. முள் அசையவில்லை. நாம் அத்துடன் போதும் என்றிருப்போம். அவர் இன்னும் பத்து நிமிஷம் நின்றார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தையும் எண்ணையும் குறித்துக் கையெழுத்திட்டு, மடலைத் திறக்கச் சைகை காட்டினார். குழாய்க்குள் மெல்ல ஓர் இரைச்சல் எழுந்தது. அடுத்த கிணற்றுக்கு நடந்தார்.

மாலையில் ஜூஹுவில் இறங்கியதும் நம் தீப்பெட்டியை ஒரு சீட்டோடு திருப்பிக் கொடுத்தார்கள். சீட்டில் கையெழுத்து வாங்காமல் விடவில்லை.