போகிப் புகையில் நின்ற விமானம்

நாங்கள் இரட்டையர். 2018ஆம் ஆண்டு ஜனவரியில், நாங்கள் நான்காம் வகுப்பு படித்தபோது, சென்னையில் சித்தப்பா வீட்டிற்குச் சென்றிருந்தோம். 12ஆம் தேதி இரவு திண்டுக்கல்லிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பத்தா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். மறுநாள் நண்பகல் அறுவை சிகிச்சை. "பிள்ளைகளைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்" என்று பிடிவாதமாம். அப்பா காலை விமானத்தில் மதுரைக்குச் சீட்டு வாங்கினார்.

மறுநாள் போகி. விடியுமுன்பே தெருவெங்கும் தீ மூட்டினார்கள். நாங்களும் கிழிந்த பாயையும் பழைய ரப்பர் செருப்புகளையும் ஆசையாகத் தீயில் போட்டுவிட்டே கிளம்பினோம்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெண்மை. பனியும் புகையும் கலந்து ஓடுபாதையை மறைத்திருந்தன. வந்த விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின.

"இறங்கத்தான் பாதை தெரியணும். கிளம்புவதற்கு என்னவாம்?" என்று அப்பா பொறுமையிழந்தார். அருகில், விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார்.

"கிளம்பவும் ஓரளவு தெரிய வேணும் தம்பி. ஓடும்போது ஒரு எஞ்சின் நின்றால், குறிப்பிட்ட வேகத்துக்குள் பிரேக் பிடித்து நிறுத்தலாம். அதைத் தாண்டிவிட்டால் மிச்சப் பாதை போதாது. மற்ற எஞ்சினை நம்பி எழும்பியே ஆகணும்."

"எழும்பிட்டுத் திரும்பி வந்திடலாமே?"

"எங்கே வருவது? முதல் வகைக் கருவியை நம்பி இறங்கவே 550 மீட்டர் தெரியணும். கிளம்ப அதைவிடக் குறைவு போதும். அப்படிக் கிளம்பினால் வந்த வழி மூடியிருக்கும். அதனால்தான் ஒற்றை எஞ்சினில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய, வானம் தெளிந்த இன்னொரு நிலையத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வார்கள். இன்றைக்கோ கிளம்பும் அளவுக்கே தெரியவில்லை."

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மார்கழிப் பனியில் சிறுமலை மறைவதுண்டு. மலைக்கோட்டைப் பாறை மறைந்து நாங்கள் பார்த்ததேயில்லை. இங்கே எதிரில் நின்ற விமானத்தின் வாலே தெரியவில்லை. அப்பா பிறகு பேசவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிய பின்னரே விமானம் கிளம்பியது. அது ஓடத் தொடங்கியதும் நாங்கள் இருவரும் இரண்டு எஞ்சின்களின் சத்தத்தையும் தனித்தனியே கேட்க முயன்றோம். மதுரையில் இறங்கிக் காரில் வந்தோம். கொடைரோடு தாண்டியபோது சிறுமலை மரம் மரமாகத் தெரிந்தது. ஆனால் அப்பத்தாவை அதற்குள் உள்ளே கொண்டு போயிருந்தார்கள்.

மாலையில் மயக்கம் தெளிந்தது. எங்கள் தலையைத் தடவிய அப்பத்தா, "என்னங்கடி, முடியெல்லாம் புகை நாத்தம்?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செருப்புகளைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.