பீலிக்கரையில் ஒரு காலை

பனி விலகுமுன் பீலிக்கரைக்குப் போய்விடுவேன். குளிரில் வண்ணத்துப்பூச்சி சட்டென்று பறக்காது. வெயில் பட்டதும் சிறகை விரித்து உடம்பைச் சூடாக்கும். அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு வேண்டும். போனில் மாட்டும் சின்ன மெக்ரோ லென்ஸ், அவ்வளவுதான். என் நிழல் அதன்மேல் விழக்கூடாது, ஃபோகஸ் கண்ணில் நிற்கவேண்டும், மூச்சை அடக்கவேண்டும். பறந்துபோனவைதான் இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தன.

இன்று சிலோன் டைகர் வண்ணத்துப்பூச்சி வந்தது! இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது, அதிலும் மலைநாட்டுக்காரி. இங்கிருந்து தெரியும் சிவனொளிபாதமலைக்கே சிங்களத்தில் சமனல கந்த, வண்ணத்துப்பூச்சி மலை என்றுதானே பேர்.

கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தெனமும் மலையில பாக்கிறதுதான்டா. தலையில இவ்வளவு வெள்ளப் புள்ளி இருக்கிறது இப்பதான் தெரியுது."