யன்னலோரத்திலிருந்து பழுகாமம்

கட்டுநாயக்காவிலிருந்து பாங்கொக் நகருக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு கீறிப் பாருங்கள். அது மட்டக்களப்பை உரசிக்கொண்டு வங்கக் கடலில் இறங்கும். விமானங்கள் கீறிய கோட்டின்மேல் அப்படியே பறப்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அத்தடத்தில் வலதுபக்க யன்னலோர ஆசனமும் முகிலற்ற வானமும் வாய்த்தால், சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியைத் தெற்கு நோக்கி விரித்துவைத்த நிலையில் காணலாம். எனக்கு ஒருமுறை வாய்த்தது.

கடலுக்கும் வாவிக்கும் இடையே நூல்போல ஒரு நிலம், அது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகப் பரந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று நம் முன்னோர் இட்ட பெயர்கள் எத்தனை துல்லியமானவை என்பது மேலிருந்து பார்க்கும்போதுதான் விளங்குகிறது.

ஆனால் ஊர்களை இனங்காண்பது எளிதன்று. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகமென்றால் நிமிடத்துக்குப் பதின்மூன்று கிலோமீற்றர். ஒரு குளத்தைக் கண்டு, இது எது என்று யோசிப்பதற்குள் அது இறக்கைக்குள் மறைந்துவிடும். இங்கேதான் கைத்தொலைபேசி உதவுகிறது. 'விமான நிலை'க்கு மாற்றிவிட்டால் கருவி குருடாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஜிபிஎஸ் செய்மதியின் சமிக்ஞையைப் பெற்றுக்கொள்வதோடு சரி, எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அநேகமான கருவிகளில் விமான நிலையிலும் அது இயங்கும். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி, கருவியை யன்னலருகே பிடித்தால் போதும். ஓப்பின் ஸ்ட்ரீற் மப் தரவுகளைக் கொண்டு இயங்கும் ஓஸ்மண்ட், ஓர்கானிக் மப்ஸ் போன்ற செயலிகள் இணைய இணைப்பின்றியே இடத்தைக் காட்டும். இதற்கென்றே மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 'ஃப்ளைஓவர் கன்ட்ரி' என்றொரு செயலியையும் உருவாக்கினர். பறக்கும் பாதையின் கீழுள்ள மலை, ஆறு, புதைபடிவம் பற்றிய தகவல்களையும் விக்கிப்பீடியாக் கட்டுரைகளையும் முன்கூட்டியே சேமித்துத் தந்தது அது. நல்ல ஏற்பாடு. ஆனால் எவரும் கட்டுரை எழுதாத ஊருக்கு மேலே பறக்கையில் அது எதைச் சொல்லும்?

தூரத்திலிருந்து அடையாளம் காண்பது நமக்குப் புதிதுமன்று. மேற்கே தனித்து நிற்கும் குடும்பிமலையைக் கடலிலிருந்து கண்ட ஆங்கிலேயர் 'பிரபுவின் தொப்பி' என்று பெயரிட்டு அடையாளமாகக் கொண்டனர். சிங்களத்தில் தொப்பிகல. நம்மவர் கண்ணுக்குத் தெரிந்தது குடுமி. ஒரே மலையின் தலையில் ஆளுக்கொன்றை வைத்துவிட்டார்கள்.

அன்று எனக்குக் கைகொடுத்தது பட்டிருப்புப் பாலம். வளைந்து நெளியும் நீரை நேராக வெட்டும் கோடு அது. அதைக் கடந்தால் போரதீவு, அப்பால் திரௌபதை அம்மன் கோயில் கொண்டிருக்கும் பழுகாமம். கோயிலெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. பச்சைக்குள் சற்றுக் கரும்பச்சையாக மரச்சோலை மட்டுமே. கருவியின் புள்ளியும் கண்ணும் ஒத்துப்போன அந்த அரை நிமிடத்தில் நான் படமெடுத்தேன்.

படம் எனக்காக அன்று. பழுகாமத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் 1990 இல் ஊரைவிட்டுச் சென்று சுவிற்சர்லாந்தில் வாழ்கிறார். 2005 இல் கூகிள் ஏர்த் வந்தபோது, அவர் இரவிரவாகத் தேடியது தமது வளவைத்தான். அப்போது படுவான்கரை போர்ச்சூழலில் இருந்தது. 2007 இல் ஷெல்வீச்சுக்கு அஞ்சி வாவியைக் கடந்து ஓடிய மக்களுள் அவருடைய தமக்கையாரும் ஒருவர். அந்த மக்களுக்கு வானம் என்றால் பொம்மர் வரும் திசை. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்கியவர்களின் ஊரை, விமானத்திலிருந்து எட்டிப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்பதை அந்த அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே: "எங்கட வயல் தெரிஞ்சுதா தம்பி?"

தெரிந்தது, ஆனால் எது அவர்களுடையது என்பதைச் செயலியால் சொல்ல முடியவில்லை. படுவான்கரையில் வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். ஒவ்வொரு வட்டைக்கும் தனிப்பெயர் உண்டு. வரைபடத்திலோ அவ்விடமெல்லாம் வெறும் பச்சை. அப்பெயர்கள் வயோதிபர்களின் நாவில் இருக்கின்றன. இடப்பெயர்வுகளிலும் மரணங்களிலும் ஆண்டுதோறும் குறைகின்றன.

ஓப்பின் ஸ்ட்ரீற் மப்பில் எவரும் பெயர் சேர்க்கலாம், தமிழிலேயே சேர்க்கலாம் என்று நண்பருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்மதிப் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தமக்கையாரைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவர் வாய்க்காலையும் வரம்பையும் சொல்லச்சொல்ல, இவர் புள்ளி வைக்கிறார். இதுவரை பதினேழு பெயர்கள் ஏறியுள்ளன. பதினெட்டாவது ஒரு சிறு குளம். அதன் பெயர் குறித்து அக்காவுக்கும் தம்பிக்கும் இன்னும் உடன்பாடில்லை.