லண்டன் மடல்: இருபது வாரக் கெடு

இங்கிலாந்தின் கல்வி அமைச்சு 2025இல் வெளியிட்ட வருடாந்தக் கணக்கில் ஓர் எண் எரிச்சலூட்டுகிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு 20 வாரத்துக்குள் தரவேண்டிய கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டங்களில், 2024இல் கெடுவுக்குள் வந்தவை 46.4 சதவீதம்தான். ரயில் இரண்டு நிமிடம் பிந்தினாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்கிற நாடு இது! இந்தப் பிந்தலின் பாரம் எல்லோர் தலையிலும் ஒரே அளவாக விழுவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் தனியாக வளர்க்கும் எங்கள் தமிழ்ப் பெண்கள் தலையில் கூடுதலாக விழுகிறது.

இந்தத் திட்டங்களைக் கொண்டுவந்த 2014ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம்தான். பள்ளிக்கூடம் கேட்காவிட்டாலும் தாயே மதிப்பீடு கேட்டு, உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்கு எழுதலாம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 வாரத்துக்குள் பதில் வரவேண்டும். திட்டத்தின் வரைவு வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள். மதிப்பீட்டையோ திட்டத்தையோ மறுத்தால் 2 மாதத்துக்குள் தீர்ப்பாயம் போகலாம். அதற்கு முன் சமரச ஆலோசகரிடம் பேசிச் சான்றிதழ் வாங்கவேண்டும். தீர்ப்புவரை போகும் வழக்குகளில் 100இல் 95க்கு மேல் பெற்றோர் பக்கமே முடிகின்றன. எதிர்த்துக் கேட்டவரிடம் நிற்காத மறுப்பு, கேட்காதவரிடம் நின்றுவிடுகிறது. கேட்காதவர் யார்? இருவர் உள்ள வீட்டில் ஒருவர் சம்பளத்துக்குப் போக மற்றவர் கவுன்சிலோடு மல்லுக்கட்டலாம். தனித்தாய்க்கோ நிபுணர் சந்திப்பும், பிள்ளையைக் கூட்டிப்போகச் சொல்லும் பள்ளி அழைப்பும் வேலை நேரத்திலேயே வருகின்றன. மொழியும் இதில் ஒரு தடை. 2021இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் ஆய்வு, 70 லட்சம் மாணவர் பதிவுகளில் 57 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் எனக் கண்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளிடையே அந்தப் பதிவு குறைவு. ஆட்டிசம் மொழி பார்த்து வருவதில்லை. பேச்சுத் தாமதத்தை வீட்டுமொழியின் மேல் போட்டுவிடுவது சுலபம் என்பதே எனக்குத் தோன்றும் காரணம்.

பிள்ளையின் ஆட்டிசத்தை எங்கள் சனம்தானே மறைக்கிறது என்பார்கள். மெய்தான். கண்ணூறு என்பார்கள், தாயின் வளர்ப்பு என்பார்கள், மூத்தவளின் கலியாணம் குழம்பும் என்பார்கள். ஆனால் அந்த வெட்கம் தனித்தாயிடமிருந்து பறிப்பது சொந்தபந்தத்தை. கவுன்சில் கெடுவைத் தவறவிட்டதற்கு அது காரணமல்ல. இலவச ஆலோசனைச் சேவை எல்லா இடத்திலும் இருக்கிறதே என்பதும் சரி. அது வழி சொல்லும். நாள் குறித்துவைப்பதும் ஆதாரம் சேர்ப்பதும் அவள் பாடு. ஊரில் இத்தனை விரிவான சட்டம் இல்லை என்பார்கள். இல்லைதான். ஆனால் அங்கே அம்மம்மாவோ சின்னம்மாவோ பிள்ளையை ஒரு மணிநேரம் வாங்கிக்கொண்டால், இவள் நின்று மூச்சுவிடலாம். அந்த ஒரு மணிநேரத்தை எந்தக் கவுன்சில் திட்டத்திலும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே கேள்வி எங்களிடமே வருகிறது. பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகளின் அனுமதி விதிகளை வரிக்கு வரி அறிந்தவர்கள் நாங்கள்; பதினொரு வயதுப் பரீட்சைக்கு இரண்டு வருடம் முன்பே ஆயத்தமாகிறவர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இல்லாத தமிழர் பகுதி லண்டனில் அரிது. அதே பள்ளியில் ஒரு மேசை போட்டு, கடிதம் வாசிக்கவும் கெடுவைக் கணக்கிடவும் மேன்முறையீடு எழுதவும் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். கெட்டிக்காரப் பிள்ளைக்குச் செலவழிக்கிற அறிவை இந்தப் பிள்ளைக்கும் செலவழித்துவிட்டு, அதன்பிறகு கவுன்சிலைத் திட்டுவோம்.