ஒரு துண்டுக்கு ரெண்டு போன்

ஹட்டனில் நாங்கள் தங்கிய விடுதியில், சாவியோடு ஒரு சின்னக் கடதாசித் துண்டும் தருவார்கள். அதில் வைபைக்கான இலக்கம். ஒரு அறைக்கு ஒரு துண்டு, ஒரு துண்டுக்கு ரெண்டு போன். மூன்றாவது போனில் போட்டால் உள்ளே விடாது. நாங்கள் ஐந்து பேர். பெண்கள் மூவர் ஓர் அறையில், பெடியள் இருவர் மற்றதில். எங்கள் கணக்கு எப்போதும் இப்படித்தான், ஒன்று கூடிப்போகும்.

இறுதியாண்டு ஆய்வுக்காகப் போயிருந்தோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் எண்டு விட்டார்கள். விரிவுரைக் குறிப்பில் இது ரெண்டு வரி. லயத்து வாசலில் இருந்து ஒரு பாட்டி சொல்லும்போது அது அவருடைய அண்ணன். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அண்ணன் கொண்டுபோன தகரப் பெட்டிக்குள் அம்மா என்னென்ன வைத்தார் என்பதை மட்டும் பாட்டி பத்து நிமிசம் சொன்னார்.

அன்றைக்கு மூன்று நேர்காணல்கள், நான்கு மணித்தியாலத்துக்குக் கிட்ட. எல்லாம் ஒரே போனில். மைக் நல்லது என்பதால் அந்தப் போன். இரவு அறைக்கு வந்தபோது மற்ற இருவரும் முந்திவிட்டார்கள், பதிவு இருந்த போன் மூன்றாவதாகப் போய்விட்டது. "நாளைக்கு ஏத்துவமடி, என்ன அவசரம்" எண்டு படுத்தோம். உள்ளே போன ரெண்டு போனிலும் அன்றிரவு என்ன ஓடியது என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் தோட்டத்துப் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. பை ஊறி, பைக்குள் இருந்த போனும் ஊறிவிட்டது. ஹட்டனில் ஒரு கடை, யாழ்ப்பாணத்தில் ரெண்டு கடை. மூன்றிலும் ஒரே பதில், போர்ட் போய்விட்டது.

ஹொட்ஸ்பொட் போட்டிருக்கலாமே எண்டு நீங்கள் கேட்பீர்கள். பல போன்களில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டவுடன் வைபை நின்றுவிடும், சிம் டேட்டாவைத்தான் அது பகிரும். அந்தப் பள்ளத்தில் சிம்முக்கு ஒரு கோடு வந்தாலே பெரிய விசயம். ஆனால் இன்னொன்று இருக்கிறது. விண்டோஸ் 10 லப்டொப்பில் 'மொபைல் ஹொட்ஸ்பொட்' என்று ஒரு பொத்தான் உண்டு. வைபையை வாங்கி வைபையாகவே எட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கும். எங்களிடம் லப்டொப் இருந்தது. இந்தப் பொத்தான் பற்றித் தெரிந்தது திரும்பி வந்து மூன்று கிழமைக்குப் பிறகு. அன்றைக்கு எங்களுக்குள் ஒருவரும் சரியாகக் கதைக்கவில்லை.

ஆனாலும் அந்த லப்டொப்பை நம்பி இன்னொரு பயணம் போக மனம் வரவில்லை. பற்றரி செத்த லப்டொப் அது, வயர் கொஞ்சம் அசைந்தாலே நின்றுவிடும். அதனால்தான் பயண ரவுட்டர் தேடத் தொடங்கினோம்.

கடையில் "தம்பி, இதை எடுங்கோ" எண்டு முதலில் காட்டியது சிம் போடுகிற பொக்கட் ரவுட்டர். அது வேறு சாமான். எங்களுக்குத் தேவைப்பட்டது விடுதியின் வைபையை ஒரே ஆளாக நின்று வாங்கி, பின்னால் இருக்கிற ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. விடுதிக்கு ஒரு கருவிதான் தெரியும். துண்டிலுள்ள இலக்கத்தை ஒரு தரம் அடித்தால் போதும். பக்கத்து அறைக்காரருக்கு எங்கள் லப்டொப் தெரியாது என்பதும் ஒரு நன்மை. அதற்குள் இருப்பது மற்றவர்களின் கதைகள் அல்லவா.

கடைசியில் மூன்று பெட்டிகள் மிஞ்சின. ஜிஎல்-ஐநெட்டின் பெரில் ஏஎக்ஸ் ஆகத் திறமானது. வைபை 6, 2.5 கிகாபிட் துளை எல்லாம் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்தோம். டிபி-லிங்கின் டபிள்யூஆர்802என் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, ஆனால் வயர் போட ஒரே ஒரு துளை. ஜிஎல்-ஐநெட்டின் மாங்கோ மஞ்சள் நிறம், ரெண்டு துளை. சுவரில் வயர் இருக்கிற விடுதி கிடைத்தால் அதை ஒன்றில் செருகி, மற்றதில் லப்டொப்பைச் செருகலாம். கடைசி ரெண்டும் 5 வோல்ட்டில் ஓடும், பவர் பாங்க் போதும். ரெண்டிலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான். எங்களில் ஒருவன் "300 எம்பிபிஎஸ்தானாம், காணாது" எண்டு நின்றான். பெட்டியில் போட்டிருக்கும் 300 விடுதி தரும் 5ஐ 6 ஆக்காது என்பதை விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போனது. அறைக்கு வருகிற லைனே மெல்லிசு என்றால் பெரில் வாங்கியும் பிரயோசனம் இல்லை. மாங்கோவை எடுத்தோம், காசு ஐந்தாகப் பிரிந்தது.

ரெண்டாம் பயணம், அதே விடுதி. பெட்டியை ஒளிக்காமல் மேசைக்காரரிடமே காட்டிக் கேட்டோம். "ஒரு ஆளு மாதிரி இருந்தா எனக்கென்ன தம்பி, ராவைக்குப் போடுங்க" எண்டார். முதலில் இலக்கம் கேட்கிற பக்கமே வரவில்லை. அரை மணித்தியாலம் பெட்டியைத் திட்டினோம். பிழை எங்களில். பாதுகாப்புக்கு எண்டு விபிஎன்னைப் போட்டு வைத்திருந்தோம், அதை நிப்பாட்டியதும் பக்கம் வந்தது. உள்ளே போன பிறகுதான் விபிஎன் போட வேண்டும்.

பாட்டி எங்களைக் கண்டதும் சிரித்தார். "அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டேனே புள்ளைகளா, எங்க வச்சீங்க?" தொலைத்துவிட்டோம் எண்டு சொன்னோம். திரும்பச் சொன்னார், முதல் தரத்தில் பாதி நேரம்தான். பெட்டிக்குள் அம்மா என்ன வைத்தார் எண்டு நாங்களாகக் கேட்டோம். "அதையா சொன்னேன்?" எண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

ஒரு மணித்தியால வேவ் பதிவு 600 எம்பிக்கு மேல் வரும். 2 எம்பிபிஎஸ்ஸில் அதை ஏற்ற முக்கால் மணித்தியாலம். அன்றைய பதிவுகள் ஏறி முடிய விடியப்புறம் ரெண்டரை. முறை வைத்து முழித்திருந்து பார்த்தோம், தேவையில்லைத்தான். பாட்டியின் பதிவுக்குப் பெயர் போடும்போது பழக்கத்தில் '2' எண்டு போட்டுவிட்டோம், பிறகு மாற்றவில்லை.

வருகிற மாதம் மன்னார். பெட்டி யாருடைய பையில் வருவது எண்டுதான் இப்ப சண்டை. மழைக்கோட்டு வைத்திருப்பவரின் பையில்தான் எண்டு பெரும்பான்மை முடிவு, அப்படி ஒருவரும் எங்களில் இல்லை.