ஆடி ஒண்ணாம் தேதி பிறந்த பையன்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயந்திரம் டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. நம்ம பள்ளியில் என்னிடம் எட்டாவது படித்த பெண். கொரோனா சமயத்தில் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். 2024-ல் நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஹைடெக் லேப் வந்தபோது அதே பள்ளியிலேயே லேப் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எமிஸ் வேலையும் இப்போது அவள் தலையில்தான்.

"டீச்சர், நீங்க எழுதின ஏழு எது, ஒண்ணு எதுன்னு எனக்குத் தெரியல."

என் போர்டு எழுத்தைப் பார்த்துக் கணக்குத் தப்பாகப் போட்டு அடி வாங்கியவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். இப்போது சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். 2016-ல் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த ஒரு பையன் (பெயர் வேண்டாம்) எட்டாவது வரை நம்மிடம் படித்து, ஒன்பதாவதுக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். இந்த வருஷம் பத்தாவது. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகிறது. பட்டியல் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எமிஸில் அவன் பிறந்த தேதி 11-7-2011. ஆதாரில் 17-7-2011. எமிஸிலிருந்து எடுத்த டி.சி.யிலும் 11. எது சரி என்று அந்தப் பள்ளியில் கேட்கிறார்கள். எந்தத் தேதி பட்டியலில் போகிறதோ அதுதான் மார்க் ஷீட்டில் அச்சாகும். பாஸ்போர்ட்டோ லைசென்ஸோ அரசு வேலையோ, நாளைக்கு எங்கே போனாலும் பத்தாவது மார்க் ஷீட்டைத்தான் கேட்பார்கள். அச்சான பிறகு திருத்துவதற்கு எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும் என்று அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எமிஸ் என்றால் என்ன என்று ஊரிலிருக்கும் சித்தப்பாக்கள் கேட்பீர்கள். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை. 2012-ல் வந்தது. பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா, சாதி, ரத்த வகை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கும். ஒரே பிள்ளையை இரண்டு பள்ளியில் கணக்குக் காட்ட முடியாது, நடுவில் நின்றுபோன பிள்ளை யார் என்று தெரியும். யோசனை நல்ல யோசனை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அந்த வேலையைச் செய்ய ஆள் போடவில்லை. ஆள் நாங்கள்தான். பள்ளியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரும் ஸ்விட்ச் போட்டால் சத்தம் மட்டும் கொடுக்கும். முதல் இரண்டு வருஷம் என் தம்பி மகளின் லேப்டாப்பில்தான் வேலை பார்த்தேன். 2011 அண்ணா பிறந்த நாளில் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கினார்களே, அந்த விலையில்லா லேப்டாப். ஆன் செய்தால் பாஸ் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும். "அத்தை, கீழ இருக்கறதை அமுக்குங்க" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். இதைப் படித்துக்கொண்டிருப்பாள்.

அவள் காலேஜுக்குப் போனதும் லேப்டாப்பும் போய்விட்டது. அப்புறம் பிரவுசிங் சென்டர். பகலில் சர்வர் அசையாது. தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் எப்படி அசையும்? ராத்திரி எட்டு மணிக்கு மேல் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு போவேன். நான் வாசிப்பேன், சென்டர் தம்பி அடிப்பார். காசு என் கையிலிருந்து.

அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்கள் நம் ஊர்ப் பெயர்களைப் பார்த்ததே இல்லையோ என்று தோன்றும். நமக்கு இனிஷியல் முன்னால் வரும், ஆதாரில் பின்னால் போயிருக்கும், சிலருக்கு அப்பா பெயர் முழுசாக வந்திருக்கும். எஸ்டேட்டில் வேலை பார்க்க வந்த ஒடிசா, பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இனிஷியலே கிடையாது, குடும்பப் பெயர்தான். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிய நான்கு பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தார்கள். இப்போது அபார் எண் கொடுக்க ஆதாரும் பள்ளிப் பதிவும் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். அந்த நான்கு லட்சுமிகளுக்குப் பின்னால் வந்த லட்சுமிகளெல்லாம் அலைகிறார்கள்.

நாம் இருப்பதோ பாடி. அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனால் வருவாய்க் கணக்கில் திருவள்ளூர் மாவட்டம். 2018-ல் அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்துக்குப் போனது. பள்ளிகளுக்கு 11 இலக்கத்தில் ஒரு யூடைஸ் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், நமக்கு 33. அடுத்த இரண்டு மாவட்டம், திருவள்ளூருக்கு 01, சென்னைக்கு 02. நம் பள்ளி எண் 3301. குடியிருக்கிற பிள்ளை சென்னை, பள்ளி எண் திருவள்ளூர். முகவரிக் கட்டத்தில் எந்த மாவட்டம் போடுவது என்று வில்லிவாக்கம் ஒன்றியக் கூட்டத்தில் ஒரு முழுக் காலை பேசினோம். கடைசியில் பஜ்ஜி வந்தது, விடை வரவில்லை.

சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் இதில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பள்ளியிலிருந்து பிள்ளை போனால் அந்தப் பள்ளி அவன் பெயரைக் காமன் பூலில் விட வேண்டும், புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும். 2021-ல் ஃபீஸ் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து நிறையப் பேர் நம்மிடம் வந்தார்கள். டி.சி. இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்த்துக்கொண்டோம். ஆனால் பழைய பள்ளி பூலில் விடாதவரை அந்தப் பிள்ளை எமிஸில் நம் பிள்ளை இல்லை. புத்தகம், சீருடை, செருப்பு எல்லாம் எமிஸ் எண்ணிக்கைப்படிதான் வரும். முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் கணக்கில் இல்லை. செருப்பு வந்த நாளில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எங்கள் தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். லாகின் பாஸ்வேர்டை மணி அடிக்கும் நேர அட்டவணைக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். பிள்ளைகளின் ஆதார் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். அவசரம் என்று போட்டது, யார் யார் போனில் இன்னும் கிடக்கிறதோ. நான் 2022 மே மாதம் ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி லாகினுக்கான ஓ.டி.பி. என் நம்பருக்குத்தான் வந்தது. மூன்று மாதம், காலையில் குளித்துக்கொண்டிருக்கும்போது "டீச்சர், நம்பர் சொல்லுங்க" என்று போன் வரும். எண்ணை மாற்ற எங்கே எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்றார்கள், ஆசிரியர் கைக்குக் கைக்கணினி வந்திருக்கிறது, பள்ளிக்கு இணைய இணைப்பு வந்திருக்கிறது. எமிஸ் வேலையிலிருந்து ஆசிரியர்களை விடுவிக்கச் சொல்லிச் சங்கங்கள் போராடிப் போராடி, அதைப் பார்க்க இந்தப் பெண்ணைப் போன்றவர்கள் வந்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவளுக்கு அந்தப் பையனைத் தெரியாது. கட்டத்தில் 11 என்று இருந்தால் அவளுக்கு 11-தான். தெரிந்தவள் நான், நான் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஹெச்.எம்.மிடம் கேட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது சேர்க்கைப் பதிவேடு. என் கையெழுத்து. உண்மையாகவே அது 11-ஆ 17-ஆ என்று எனக்கே சொல்ல முடியவில்லை. மையும் ஊறியிருந்தது. அந்தப் பெண் என் முகத்தையே பார்க்கிறாள்.

அப்புறம்தான் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "ஆடி 1. தாய் சொன்னது."

உடனே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த அம்மா. காலில் சிமெண்ட் காய்ந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதற்காகச் சேர்க்காமல் இருக்கக்கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு. "எப்போம்மா பொறந்தான்?" என்று கேட்டேன். "ஆடி ஒண்ணு டீச்சர். மாமியார் வீட்ல தேங்கா சுட்டுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு வலி வந்துடுச்சு." பழைய காலண்டரை எடுத்துப் பார்த்து 17-7-2011 என்று எழுதினேன். அந்தக் காலத்து வாத்தியார்கள் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். என் அண்ணனுக்கே அப்படிப் போட்ட தேதிதான், அதை வைத்துத்தான் ரிட்டையர் ஆனார். நான் அப்படிச் செய்யவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமைக்குத்தான் இந்த அடி. பதிவேட்டிலிருந்து படிவத்துக்கும் நான்தான் எழுதினேன். ராத்திரி பத்து மணிக்கு அச்செடுத்த பட்டியலில், சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். சரிபார்க்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் ஒரு பட்டனை அழுத்தி வகுப்பை ஏற்றினோம். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். தேதியை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம் அந்தத் தப்பு அவனோடு சேர்ந்து பாஸாகிக்கொண்டே போனது.

அந்த அம்மா ஆதார் எடுத்தபோது நான் கொடுத்த ரெக்கார்டு ஷீட்டைத்தான் காட்டியிருக்கிறார். அதில் 17 தெளிவாக இருக்கிறது. பதிவேட்டுப் பக்கத்தின் நகல், ரெக்கார்டு ஷீட் நகல், ஹெச்.எம். கடிதம், கூடவே என் விளக்கக் கடிதம். "எழுத்துப் பிழைக்கு நானே பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெற்றவள் கடிதத்துக்கு மதிப்பு உண்டா தெரியாது. திருத்தக் கோரிக்கை மேலே போயிருக்கிறது. பள்ளி லாகினில் அந்தக் கட்டம் பூட்டியிருக்கிறது, மேலே ஒப்புதல் கொடுத்தால்தான் மாறும். பட்டியல் மூடுவதற்குள் மாற வேண்டும். நேற்று வரை மாறவில்லை. தினமும் காலையில் அவளுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். தொல்லையாக இருக்கும், பொறுத்துக்கொள்கிறாள்.

ஸ்கேன் செய்யும்போது அவள் கேட்டாள், "டீச்சர், இந்த ஆடி ஒண்ணு குறிப்பை எமிஸ்ல எங்க ஏத்துறது?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

பத்தாவதில் பிள்ளை இருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே பள்ளிக்குப் போய்ப் பட்டியலில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டீச்சர் பார்த்திருப்பார் என்று விடாதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பதிவேட்டின் தையல் பிரிந்து தாள்கள் தனித்தனியாக வருகின்றன. 1998 முதல் 2017 வரை சேர்ந்த உங்கள் எல்லோருடைய பெயரும் அதில்தான் இருக்கிறது. உங்களில் யாராவது பைண்டிங் வேலை தெரிந்தவர்கள், இல்லை கொரட்டூர், வில்லிவாக்கம் பக்கம் நல்ல பைண்டரைத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பதிவேட்டை வெளியே அனுப்பக்கூடாது, பள்ளிக்கே வந்து தைத்துத் தர வேண்டும். கூலி நான் கொடுத்துவிடுகிறேன்.